முதலில் சாப்பாடு, பிறகு ஊர்சுற்றல்

பள்ளி விடுமுறை விட்டதும் சென்னையில் தாத்தா பாட்டி இருக்கும் வீடுகளில் ஒரு திட்டம் உருவாகும். மகன் குடும்பம், மகள் குடும்பம், பேரப்பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து ஒருநாள் வெளியே போய்வர வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகமா, வண்டலூர் உயிரியல் பூங்காவா, கோட்டூர்புரம் கோளரங்கமா, மாலையில் மெரினாவா என்று இடங்களைப் பற்றிப் பேச்சு நடக்கும். மெட்ரோவில் போவதா, வண்டி வைத்துக்கொள்வதா என்றும் பேசுவார்கள். சாப்பாட்டை மட்டும் ‘போகிற வழியில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டுவிடுவார்கள். கிடைத்ததைச் சாப்பிடும் பிள்ளைகள் என்றால் அது போதும். பருப்புச் சோறு தவிர வேறெதையும் தொடாத நான்கு வயதுப் பேத்தியோ, கறிவேப்பிலை கண்ணில் பட்டாலே தட்டைத் தள்ளிவிடும் ஆறு வயதுப் பேரனோ கூட வந்தால், அந்த நாள் கெடுவது பெரும்பாலும் மதியம் ஓட்டல் மேசையில்தான். குழந்தை வாயைத் திறக்காது. அப்பா அதட்டுவார், தாத்தா சமாதானம் பேசுவார், பாட்டி ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொல்வார். அரை வயிற்றோடு எழுந்த குழந்தை மூன்று மணிக்கு அழத் தொடங்கும்போது, காலையில் பார்த்ததன் மகிழ்ச்சி யாருக்கும் மிஞ்சியிருக்காது. இந்தத் திட்டமிடலின் வரிசையை மாற்ற வேண்டும் என்பதே என் வாதம். சாப்பாட்டில் அடம்பிடிக்கும் பிள்ளைகளோடு வெளியே போகும் நாளைச் சாப்பாட்டிலிருந்துதான் திட்டமிடத் தொடங்க வேண்டும். அவர்களுக்குப் பழகிய உணவு, பழகிய நேரத்தில், கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். அவர்களுடைய நாக்கைத் திருத்தும் வேலையை அன்றைக்கு யாரும் கையில் எடுக்கக் கூடாது.

‘அடம்’ என்று நாம் பெயர் வைத்திருப்பதில் பெரும்பகுதி அடமே கிடையாது. புதிய உணவைக் கண்டு ஒதுங்கும் இயல்பு பொதுவாக இரண்டு வயதில் தலைகாட்டி, ஆறு வயது வரை உச்சத்தில் இருந்து, பிறகு மெல்லத் தணிகிறது. தவழ்ந்த குழந்தை எழுந்து நடந்து, கைக்கு எட்டியதையெல்லாம் வாயில் வைக்கக்கூடிய வயதில் இந்த எச்சரிக்கை வருவதால், நச்சுக்காய்களிலிருந்தும் இலைகளிலிருந்தும் பிள்ளையைக் காத்த பழைய ஏற்பாடு இது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் இது ஒரே அளவில் இருப்பதில்லை. லண்டன் ஆய்வாளர்கள் லூசி குக், ஜேன் வார்டில் முதலானோர் 8 முதல் 11 வயது வரையிலான ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரட்டையர் ஜோடிகளிடம் நடத்திய ஆய்வு 2007இல் வெளிவந்தது. இந்த இயல்பில் பிள்ளைக்குப் பிள்ளை தெரியும் வேறுபாட்டில் 78 விழுக்காடு மரபுவழியில் வருவது என்று அது கண்டது. ஆகவே ஒரே வீட்டில், ஒரே அம்மாவின் சமையலில் வளரும் அண்ணன் எதையும் சாப்பிடுவதும் தங்கை எதையும் மறுப்பதும் வளர்ப்பின் குற்றம் ஆகாது. மருமகளையோ மாப்பிள்ளையையோ ஓட்டல் மேசையில் வைத்துக் குறைசொல்வதற்கு இதில் இடமே இல்லை. தாத்தாவுக்குச் சின்ன வயதில் எந்தெந்தக் காய் பிடிக்காமல் இருந்தது என்று கேட்டுப் பார்த்தால், பேரனின் சுபாவம் எங்கிருந்து வந்தது என்பதுகூடத் தெரியவரலாம்.

இதில் பெரியவர்கள் கவனிக்கத் தவறும் நுட்பம் ஒன்று உண்டு. ‘வீட்டில் தயிர்சாதம் சாப்பிடுகிறாள், ஓட்டலிலும் தயிர்சாதம் கிடைக்கும், அப்புறம் என்ன கவலை?’ என்று கேட்பார்கள். பெயர்தான் ஒன்று. வீட்டுத் தயிர்சாதம் குழையப் பிசைந்த சோறும் புளிக்காத தயிரும் உப்பும் மட்டுமாக இருக்கும். ஓட்டலில் கடுகு, உளுத்தம்பருப்பு தாளித்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் நறுக்கிப் போட்டு, மேலே மாதுளை முத்தோ திராட்சையோ தூவிக் கொடுப்பார்கள். பெரியவருக்கு அது சுவை கூட்டுவது. குழந்தைக்கோ ஒவ்வொரு வாயிலும் எது தட்டுப்படும் என்று தெரியாத வேறொரு பண்டம். இட்லி, தோசை, வெறும் சப்பாத்தி, பிஸ்கட் போன்றவற்றை இத்தகைய பிள்ளைகள் விரும்புவதற்குக் காரணம், முதல் கவளமும் கடைசிக் கவளமும் ஒன்றுபோல் இருக்கும் என்ற நிச்சயம். ஓட்டல் சாம்பாரோ கடைக்குக் கடை மாறும். ஒன்றில் வெல்லம் தூக்கலாக இருக்கும், இன்னொன்றில் காரம். ஆகவே ஓட்டலுக்குத்தான் போயாக வேண்டும் என்றால் தயிர்சாதம் கேட்பதைவிட வெள்ளைச் சோறும் தயிரும் தனித்தனியாகக் கேட்டு மேசையிலேயே பிசைந்து கொடுப்பது பலன் தரும். சாம்பார் ஊற்றாத இட்லியைக் கேட்டு வாங்கலாம். காலையிலும் இரவிலும் ஏறக்குறைய எந்தத் தெருவிலும் இட்லி கிடைக்கும் ஊர் சென்னை. மதியத்தில் பல கடைகளில் ‘மீல்ஸ்’ மட்டும்தான் இருக்கும் என்பதையும் திட்டம் போடும்போதே நினைவில் வைக்க வேண்டும்.

அடுத்து, வற்புறுத்தல். ‘இரண்டு வாய் மட்டும்’ என்று கெஞ்சுவதிலோ, ‘தட்டை முடித்தால்தான் எழுந்திருக்கலாம்’ என்று மிரட்டுவதிலோ தீமை ஒன்றுமில்லை என்றுதான் பல வீடுகளில் நினைக்கிறார்கள். ஏமி கேலவே, லீயான் பர்ச் முதலானோர் அமெரிக்காவில் மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் பூசணி சூப்பையும் சோள சூப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரு சூப்பைக் கொடுக்கும்போது ‘முடித்துவிடு’ என்று சொன்னார்கள். இன்னொன்றைக் கொடுக்கும்போது எதுவும் சொல்லவில்லை. 2006இல் வெளியான முடிவின்படி, வற்புறுத்தாதபோதுதான் பிள்ளைகள் கூடுதலாகக் குடித்தார்கள். பிடிக்கவில்லை என்று முணுமுணுத்ததும் அப்போது குறைவு. ஆசை காட்டுவதும் இப்படித்தான் திரும்பி வந்து தாக்குகிறது. பழக்கமில்லாத ஒரு பால் பானத்தைக் குடித்தால் பரிசு என்று சொல்லிப் பிள்ளைகளைக் குடிக்கவைத்த பர்ச் குழுவின் 1984 ஆய்வில், அந்தப் பானத்தின் மேல் பிள்ளைகளுக்கு இருந்த விருப்பம் குறைந்துபோனது. ‘இட்லியை முடித்தால் ஐஸ்கிரீம்’ என்று பாட்டி சொல்லும்போது குழந்தையின் காதில் விழுவது, இட்லி தண்டனை, ஐஸ்கிரீம் விடுதலை என்பதுதான். அன்றைய இட்லி உள்ளே போய்விடலாம். வீட்டில் விரும்பிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியின் மதிப்பு மறுநாள் இறங்கிவிடும். பரிசு எப்போதுமே கெடுதல் என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரு காயைச் சிறு துண்டாகச் சுவைத்துப் பார்த்ததற்கு ஸ்டிக்கர் கொடுத்த ஆய்வுகளில் பிள்ளைகள் அந்தக் காயை விரும்பத் தொடங்கியதும் உண்டு. அங்கே பரிசு தின்பண்டமாக இல்லை. சுவைக்கச் சொன்னதும் ஒரு துணுக்குதான், அதுவும் தொடர்ந்து பல நாட்கள். கூட்டமும் இரைச்சலும் காத்திருப்போர் வரிசையும் நிறைந்த ஞாயிற்றுக்கிழமை ஓட்டலில் நடப்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இங்கே மூத்த தலைமுறை எழுப்பும் மறுப்பு ஒன்று உண்டு. ‘எங்கள் காலத்தில் தட்டில் போட்டதைச் சாப்பிட்டோம். இல்லாவிட்டால் பட்டினி. இப்போது செல்லம் கொடுத்துக் கெடுக்கிறார்கள்’ என்பார்கள். இதை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது, இதில் உண்மை இருக்கிறது. அந்தக் காலத்துப் பிள்ளைகள் பலவற்றைச் சாப்பிட்டார்கள்தான். அதைச் செய்யவைத்தது அதட்டல் என்று சொல்வதில்தான் பிழை. ஒரு கூடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்ட வீடுகள் அவை. வாரத்தில் பல நாள் அதே கீரை, அதே கத்தரிக்காய், அதே ரசம். அண்ணன் சாப்பிடுவதைத் தம்பி பார்த்தான். பார்த்துச் சாப்பிடுவதன் வலிமையைப் பர்ச் 1980இலேயே காட்டியிருக்கிறார். ஒரு காயை விரும்பாத குழந்தையை, அதை விரும்பும் பிள்ளைகளோடு சில நாட்கள் சேர்த்து உட்காரவைத்தபோது அந்தக் குழந்தையும் அதை எடுக்கத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் பரிமாறுகிறார்கள். பல வீடுகளில் முகம் சுளிக்கவைக்கும் உப்புமா அது. பள்ளி வராந்தாவில் வரிசையாக உட்காரும்போது பக்கத்துப் பிள்ளையின் தட்டு செய்யும் வேலையை வீட்டில் எந்த அதட்டலும் செய்துவிட முடியாது. இன்று ஒற்றைக் குழந்தையாக, அடுக்குமாடி வீட்டில், பெரியவர்கள் வேறு நேரத்தில் சாப்பிட, தனியே உட்காரவைத்து ஊட்டப்படும் பிள்ளைக்கு அந்தக் கூடமும் இல்லை, அந்த வரிசையும் இல்லை. பழைய முறையின் பலன் வேண்டும் என்றால் பழைய முறையின் காரணத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். அது தினசரிச் சாப்பாட்டில் நடக்க வேண்டிய வேலை.

ஒருநாள் பயணத்தில் அது ஏன் நடக்காது என்பதற்கு எளிய கணக்கே போதும். ஒரு புதிய உணவை ஏற்றுக்கொள்ளக் குழந்தைக்குச் சுமார் 8 முதல் 15 முறை அதைச் சுவைக்கும் வாய்ப்பு வேண்டும் என்பது இந்தத் துறையின் ஆய்வுகள் பலவும் சொல்வது. கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, நாக்கில் பட வேண்டும் என்றும் அவை காட்டுகின்றன. கோடை விடுமுறையில் ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று என வரும் குடும்பப் பயணங்களில் அந்த எண்ணிக்கையை எட்டவே மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் ஆகிவிடும். அதுவும் அன்று குழந்தைக்குப் புதிதாக இருப்பது உணவு மட்டுமா? வண்டி புதிது, கூட்டம் புதிது, யானையும் முதலையும் புதிது, கழிவறைகூடப் புதிது. காலையிலிருந்து இவ்வளவு புதியவற்றை ஏற்றுக்கொண்ட பிள்ளை மதியத்தில் தட்டிலாவது தெரிந்த முகத்தைத் தேடுவது நியாயமான எதிர்பார்ப்பு. அந்த இடத்தில் நாம் பாடம் நடத்தினால் பாடமும் ஏறாது, நாளும் கெடும்.

வழி நம் கையிலேயே இருக்கிறது. கட்டுச்சோறு தமிழர்களுக்குப் புதிதல்ல. ஆடிப்பெருக்கன்று காவிரிக் கரைக்குச் சித்திரான்னங்களைக் கட்டிக்கொண்டு போய், கும்பிட்டுவிட்டுக் குடும்பமாக உட்கார்ந்து சாப்பிடுகிறோம். காணும் பொங்கலன்று மெரினாவிலும் மாமல்லபுரத்திலும் வண்டலூரிலும் தூக்கும் டப்பாவுமாக வந்து விரிப்பு விரித்து உட்காரும் குடும்பங்களை இன்றும் பார்க்கலாம். நீண்ட ரயில் பயணத்துக்கு மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி, புளியோதரை, தயிர்சாதம் என்பது இரண்டு தலைமுறைக்கு முன்பே முடிவான பட்டியல். வெளியே போனால் வெளியேதான் சாப்பிட வேண்டும் என்ற எண்ணம் பிறகு வந்து சேர்ந்தது. கைப்பக்குவமும் அதே பாட்டிகளிடம்தான் இருக்கிறது. தயிர்சாதத்தைத் தயிரில் பிசைந்து எடுத்துப்போனால் சென்னை வெயிலில் மதியத்துக்குள் புளித்துவிடும். காய்ச்சி ஆறிய பாலில் பிசைந்து ஒரு கரண்டி தயிர் மட்டும் சேர்த்தால் சாப்பிடும் நேரத்துக்குப் பதமாக உறைந்திருக்கும். பொடி இட்லியில் பேரனுடையதற்கு மட்டும் பொடி இல்லாமல் நெய் தடவித் தனியே வைத்துவிடலாம். வெயில் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். வெந்த சோற்றில் வளரும் கிருமி ஒன்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் தரக்கூடியது. எனவே சோற்றை நன்றாக ஆறவைத்துக் கட்டுவதும், காரின் பின்பகுதியில் கொதிக்கவிடாமல் கையோடு வைத்திருப்பதும், மதியத்தோடு மீந்ததைக் கொட்டிவிடுவதும் விதியாக இருக்கட்டும். அக்கினி நட்சத்திர நாட்களில் சோற்றைவிட இட்லியும் சப்பாத்தியும் பாதுகாப்பானவை.

நேரமும் இதே அளவுக்கு முக்கியம். வழக்கமாகப் பன்னிரண்டரைக்குச் சாப்பிடும் பிள்ளைக்கு ஒன்றரை மணி என்பது பசியைத் தாண்டிய நிலை. பசி முற்றினால் பிடித்த உணவையும் குழந்தை மறுக்கும். இதில் குழந்தையோடு சேர்த்து எண்ண வேண்டிய இன்னொருவர் அந்தக் குடும்பத்திலேயே இருக்கிறார். இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய பெரிய ஆய்வு 2023இல் மதிப்பிட்டது. இன்சுலின் போட்டுக்கொள்ளும், அல்லது சில வகைச் சர்க்கரை மாத்திரைகள் எடுத்துக்கொள்ளும் தாத்தா பாட்டிக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரக்கூடும். குடும்பத்தின் ஆகச் சிறியவருக்கும் ஆகப் பெரியவருக்கும் நேரத்துக்குச் சாப்பாடு வேண்டும். காத்திருக்க முடிந்தவர்கள் நடுவில் இருப்பவர்கள்தான். ஆனாலும் பெரும்பாலான வீடுகளில் நடுவில் இருப்பவர்களின் பசியை வைத்தே நேரம் முடிவாகிறது. இதை மாற்றினால் இடத் தேர்வும் தானாக மாறும். 602 ஹெக்டேர் பரப்புள்ள வண்டலூர்ப் பூங்காவை ஒரே மூச்சில் சுற்றிவர நினைக்கும் திட்டம் விழுந்துவிடும். காலையில் திறந்தவுடன் உள்ளே போய், பதினோரு மணிக்குள் புலியையும் நீர்யானையையும் பார்த்துவிட்டு, நிழலில் உட்கார்ந்து டப்பாவைத் திறக்கும் திட்டம் நிற்கும். 1851இல் தொடங்கிய எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனால் திமிங்கல எலும்புக்கூடும் இன்னும் இரண்டு கூடங்களும் ஒரு காலைப்பொழுதுக்குப் போதும். எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையை அடுத்த வருகைக்கு விடலாம். வண்டலூருக்குச் செவ்வாயும் அருங்காட்சியகத்துக்கு வெள்ளியும் விடுமுறை என்பதைத் தெரிந்துகொண்டு கிளம்புவதும் இந்தத் திட்டமிடலில் சேர்ந்ததுதான்.

‘வெளியே போவதே புதியதைப் பார்க்கவும் சுவைக்கவும்தானே? டப்பாவைத் தூக்கிக்கொண்டே திரிந்தால் பிள்ளைக்கு உலகம் எப்போது தெரியும்?’ என்பது அடுத்த மறுப்பு. இது எனக்கும் முக்கியமான கேள்வி. டப்பா என்பது வேலி ஆகிவிடக் கூடாது. வயிறு நிறைந்த பிள்ளைதான் துணிந்து புதியதைத் தொடும் என்பதால்தான் டப்பாவைப் பேசுகிறேன். மதியம் தெரிந்த சோற்றைச் சாப்பிட்டு, சற்றுத் தூங்கி எழுந்து, மாலை மெரினாவில் தாத்தா தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டல் வாங்கித் தின்னும்போது பேத்தி பார்த்துக்கொண்டிருப்பாள். ‘வேண்டுமா?’ என்று ஒருமுறை கேட்கலாம். வேண்டாம் என்றால் பேச்சை விட்டுவிட்டுத் தாத்தா ரசித்துச் சாப்பிட வேண்டும். அவள் கை நீட்டி ஒரு பட்டாணியை எடுத்துக் கடித்துத் துப்பினாலும் அது ஒரு சுவைப்புக் கணக்கில் சேரும். துப்பியதற்குத் திட்டினால் அந்தக் கணக்கு அழிந்துபோகும். மிகச் சின்னப் பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலையும் கொண்டைக்கடலையும் தொண்டையில் அடைக்கும் என்பதால் மசித்துத்தான் கொடுக்க வேண்டும். புதியது என்பதற்காக எதையும் வாங்கிக் கொடுப்பதற்கும் எல்லை உண்டு. துணிச் சாயத்துக்குப் பயன்படும் ரோடமின்-பி கலந்திருப்பது சோதனையில் தெரிந்ததால்தான் 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு அத்தகைய பஞ்சுமிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தது. கண்ணைப் பறிக்கும் நிறம் எதுவானாலும் பேரப்பிள்ளையின் கையில் கொடுக்கும் முன் யோசிக்க வேண்டும் என்பதற்கு அந்த ஒரு நிகழ்வே போதுமான எச்சரிக்கை.

பெற்றோருக்கும் தாத்தா பாட்டிக்கும் இடையிலான உடன்பாட்டையும் சொல்லியாக வேண்டும். எதை, எப்போது, எங்கே கொடுப்பது என்பதைப் பெரியவர்கள் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா இல்லையா, எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும் என்று அமெரிக்க உணவியலாளர் எல்லின் சாட்டர் வகுத்த பொறுப்புப் பிரிவினை இன்று உலகெங்கும் குழந்தை நல வல்லுநர்கள் பரிந்துரைப்பது. நம் வீடுகளில் சிக்கல் அதன் முதல் பாதியில்தான் வருகிறது, ஏனென்றால் இங்கே பெரியவர்கள் இருவர் இல்லை, நான்கு பேர், சில நேரம் ஆறு பேர். அம்மா ஐஸ்கிரீம் கூடாது என்று சொல்லியிருப்பார், தாத்தா மறைவாக வாங்கிக் கொடுப்பார். தாத்தாவின் அன்பில் குறை இல்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் யாரை எப்படிச் சாய்க்கலாம் என்பதைக் குழந்தைக்குக் கற்றுக்கொடுக்கும் செயல் அது. முதல் நாள் இரவே பேசி, மாலை ஐந்து மணிக்கு எல்லோருக்கும் ஐஸ்கிரீம் உண்டு, அதற்கும் மதியச் சாப்பாட்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று முடிவு செய்துகொண்டால் தாத்தாவும் மறைக்க வேண்டாம், அம்மாவும் வில்லியாக வேண்டாம். கைப்பேசியைக் கையில் கொடுத்து ஊட்டும் பழக்கத்தையும் அன்று ஒருநாளாவது நிறுத்திப் பார்க்கலாம். பார்க்கத்தான் நிறைய இருக்கிறதே. ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். எடை கூடாமல் நிற்கும் பிள்ளை, விரல்விட்டு எண்ணக்கூடிய சில உணவுகளைத் தவிர வேறெதையும் ஏற்காத பிள்ளை, உணவைப் பார்த்தாலே ஓங்கரிக்கும் பிள்ளை ஆகியோரைக் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு உணவின் மணமும் தொடு உணர்வுமே தாங்க முடியாததாக இருக்கலாம். அவர்களிடம் வெளியூர் மேசையில் கண்டிப்பு காட்டுவது கொடுமை.

குடும்பம் தன் பங்கைச் செய்தாலும் நகரம் இடம் கொடுக்க வேண்டும். திரையரங்குக்குள் வெளி உணவு கூடாது என்று தடுக்க உரிமையாளருக்கு அதிகாரம் உண்டு என்று 2023 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இலவசமாகச் சுத்தமான குடிநீர் தர வேண்டும் என்பதையும், கைக்குழந்தைக்கான உணவைப் பெற்றோர் நியாயமான அளவில் கொண்டுபோகலாம் என்பதையும் சேர்த்தே சொன்னது. கைக்குழந்தைக்கு ஒப்புக்கொண்ட நியாயம் நான்கு வயதுப் பிள்ளைக்கும், உணவுக் கட்டுப்பாடு உள்ள முதியவருக்கும் பொருந்தும் என்பது என் கருத்து. தனியார் பொழுதுபோக்கு இடங்கள் அதைத் தாமாக ஏற்க வேண்டும். அரசின் கையில் உள்ள இடங்களில் இது கருத்தாக மட்டும் நின்றுவிடக் கூடாது, விதியாகவே வர வேண்டும். 2015இல் பேருந்து நிலையங்களில் தாய்மார்கள் பாலூட்ட அறைகள் திறந்த மாநிலம் இது. பால்குடி மறந்த பிள்ளைக்கும் பொது இடத்தில் உட்கார்ந்து சாப்பிட ஓர் இடம் வேண்டும் என்பது அதன் அடுத்த படிதான். உயிரியல் பூங்கா, அருங்காட்சியகம், கோளரங்கம், மாநகராட்சிப் பூங்காக்கள் எல்லாவற்றிலும் நிழலில் சில மேசைகள், கைகழுவக் குழாய், குடிநீர், எச்சில் போடத் தொட்டி இருந்தால் போதும். இதற்குப் பெரிய நிதி வேண்டாம். விலங்குகளுக்கு உணவு எறிவார்கள், குப்பை சேரும் என்ற அதிகாரிகளின் அச்சம் நியாயமானதுதான். சாப்பிடுவதற்கென்று ஓரிடத்தை ஒதுக்கினால் அந்த அச்சம் பாதி தீர்ந்துவிடும். ஒதுக்காத இடங்களில்தான் மக்கள் மரத்தடியிலும் நடைபாதையிலும் ஒளிந்து சாப்பிட்டுப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு வருகிறார்கள். பூங்காக்களை மதிய வேளையில் பூட்டும் வழக்கம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் அதைக் கைவிட வேண்டும். குடும்பங்களுக்கு நிழல் தேவைப்படுவதே அந்த நேரத்தில்தான்.

எல்லோரும் டப்பா கட்டினால் ஓட்டல்காரர் என்ன ஆவார் என்று கேட்கலாம். ஓட்டல்களுக்கு இதனால் இழப்பு வரும் என்று நான் நினைக்கவில்லை. எட்டுப் பேர் வரும் குடும்பத்தில் டப்பா வேண்டியது ஒன்றிரண்டு பிள்ளைகளுக்கு. அவர்களுக்கு நிம்மதியாக ஊட்டிவிட இடம் கொடுக்கும் கடைக்கு மற்ற ஆறு பேரும் மறுபடியும் வருவார்கள். பிள்ளைகளுக்கென்று உணவு அட்டை போடும் கடைகளில் வறுத்த உருளைக்கிழங்கும் நூடுல்ஸும்தான் பெரும்பாலும் முன்னால் நிற்கின்றன. அவற்றோடு தாளிக்காத தயிர்சாதம், காரமில்லாத பருப்புச் சோறு, சின்ன அளவில் நெய்ச் சோறு என்று மூன்றை எழுதிவைத்தால் அந்தக் கடை பாட்டிகளின் நன்றிக்கு உரியதாகும். சமையலறையில் புதிதாக எதுவும் வேண்டாம். தாளிப்புக் கரண்டியைக் கவிழ்ப்பதற்கு முன் ஒரு கிண்ணம் தனியே எடுத்துவைத்தாலே ஆயிற்று.

அடுத்த விடுமுறைக்குத் திட்டம் போடும் தாத்தா பாட்டிகளுக்கு என் வேண்டுகோள் இது. இடத்தை முடிவு செய்யும் முன் பேரப்பிள்ளை இப்போது எதைச் சாப்பிடுகிறது, எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறது என்று மகளிடமோ மருமகளிடமோ கேளுங்கள். அதைக் கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை போதும் என்று சொன்னால் மறுபேச்சில்லாமல் டப்பாவை மூடிவிட்டு, உங்கள் தட்டில் இருப்பதை ரசித்துச் சாப்பிடுங்கள்.